அரிசி வண்டுக்கு ஆளுயரப் படம்

பூச்சிகளை மிக அருகில் படமெடுப்பது பற்றி இந்த முறை கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பாதி "எந்த லென்ஸ் வாங்கலாம்?" என்றது, மறுபாதி "ஏன் கலங்கலாக வருகிறது?" என்றது. இரண்டு பேரையும் ஒரே இடத்துக்குத்தான் கூட்டிப் போகப் போகிறேன்.

கே: என் போனில் பூப் படம் போட்ட ‘மேக்ரோ’ பொத்தான் இருக்கிறது. அது நிஜமான மேக்ரோதானா? (மன்னார்குடி வாசகர்)

ப: பூவை எடுக்கப் போதும். பூவில் ஒட்டியிருக்கும் அசுவினியை எடுக்கப் போதாது.

மேக்ரோவுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. பூச்சி எத்தனை மில்லிமீட்டரோ, சென்சாரில் விழும் அதன் பிம்பமும் அத்தனை மில்லிமீட்டர் இருந்தால் அது 1:1, அதாவது உயிரளவு. 36 மி.மீ. அகலமுள்ள ஃபுல் ஃபிரேம் சென்சாரில் 6 மி.மீ. எறும்பை உயிரளவில் எடுத்தால், படத்தின் அகலத்தில் ஆறில் ஒரு பங்கை அது பிடிக்கும். அதையே ஐந்து மடங்கில் எடுத்தால் படம் முழுக்க எறும்புதான். போனின் சென்சார் மிகச் சிறியது. அதனால் கொஞ்சம் பெரிதாக்கினாலே திரை நிறைந்துவிடும். ஆனால் அதற்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் வரை நெருங்க வேண்டும். உங்கள் நிழல் விழுந்த நொடியில் பூச்சி பறந்துவிடும். அது போனின் குற்றமில்லை, தூரத்தின் குற்றம்.

கே: கேமராவும் 18-55 லென்ஸும் கையில் இருக்கின்றன. இன்னும் ஆயிரம் ரூபாய்தான் செலவழிக்க முடியும். ஏதாவது வழி உண்டா? (கோவில்பட்டி வாசகர்)

ப: உண்டு. லென்ஸைக் கழற்றித் திருப்பி மாட்டுங்கள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தூரத்தில் இருக்கும் பெரிய காட்சியைச் சின்ன சென்சாருக்குள் சுருக்கித் தருவதுதான் சாதாரண லென்ஸின் வேலை. முன்பின்னாகத் திருப்பினால் அதே கண்ணாடி சின்னதைப் பெரிதாக்கும். இதற்கு ‘ரிவர்சிங் ரிங்’ என்று ஒரு வளையம், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒருபக்கம் கேமராவில் மாட்டும், மறுபக்கம் லென்ஸின் ஃபில்டர் மரையில் ஏறும். உங்கள் லென்ஸின் முன்விளிம்பில் 52, 55, 58 என்று ஏதோ ஓர் எண் இருக்கும். அந்த அளவு வளையமாகப் பார்த்து வாங்குங்கள். 55-இல் வைத்தால் ஏறக்குறைய உயிரளவு. 18 பக்கம் திருப்பத் திருப்ப உருவம் பெரிதாகிக்கொண்டே போகும்.

ஒரு சிக்கல் வரும். திருப்பி மாட்டிய லென்ஸுக்கும் கேமராவுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோகும். ஒளி நுழையும் துளையான அப்பர்ச்சரைக் கேமராவிலிருந்து மாற்ற முடியாது. நிக்கானின் பழைய ‘டி’ வகை லென்ஸ்களில் அப்பர்ச்சர் வளையம் இருப்பதால் கவலையில்லை. ‘ஜி’ வகையில் வளையம் கிடையாது. பின்பக்கம் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும், அதைக் காகித மடிப்பால் அணைத்துப் பாதி திறந்து வையுங்கள். கேனான் டி.எஸ்.எல்.ஆர். என்றால், லென்ஸ் நேராக மாட்டியிருக்கும்போதே எஃப்/8 வைத்து, டெப்த் பிரிவியூ பொத்தானை அழுத்தியபடி கழற்றுங்கள். அப்பர்ச்சர் அப்படியே நிற்கும்.

லென்ஸின் பின்கண்ணாடி இப்போது வெளியே தெரியும். தூசி, விரல், மழைத்துளி மூன்றும் அண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கே: ரேநாக்ஸ், எக்ஸ்டென்ஷன் டியூப், தனி மேக்ரோ லென்ஸ்: எதற்கு முதலிடம்? (பொள்ளாச்சி வாசகர்)

ப: வீட்டில் டெலி லென்ஸ் இருந்தால் ரேநாக்ஸ் டி.சி.ஆர். 250. 8 டயாப்டர் சக்தியுள்ள நல்ல கண்ணாடி. லென்ஸின் முன்னால் கிளிப் போலப் பிடித்துக்கொள்ளும், பூச்சிக்கும் லென்ஸுக்கும் நடுவே ஏறக்குறைய அரைச் சாண் இடமும் விடும். 50 மி.மீ. லென்ஸ் மட்டும்தான் என்றால், அதற்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டும் டியூப். டியூபின் நீளத்தை லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் எத்தனை மடங்கு கூடும் என்று தெரிந்துவிடும்: 25-ஐ 50-ஆல் வகுத்தால் அரை மடங்கு. டியூபுக்குள் கண்ணாடியே கிடையாது. எனவே விலை அதிகமுள்ளதைத் தேடாதீர்கள். இந்தத் துறையில்தான் இருக்கப் போகிறேன் என்று மனம் முடிவு செய்த பிறகு தனி மேக்ரோ லென்ஸ்.

1999-இல் வந்த கேனான் எம்.பி-இ 65 பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். உயிரளவில் தொடங்கி ஐந்து மடங்கு வரை போகும் லென்ஸ் அது. ஆட்டோ ஃபோக்கஸ் கிடையாது, தூரத்து மலையை எடுக்கவே முடியாது. பூச்சி உலகத்தை விட்டு வெளியே வரமாட்டேன் என்று பிறந்த லென்ஸ். அதனாலேயே எனக்கு அதன்மேல் தனி மரியாதை.

கே: ஈயின் ஒரு கண் தெளிவாக விழுகிறது, மறுகண் மங்கல். எஃப்/22 வைத்தேன், இப்போது இரண்டும் மங்கல். ஏன்? (தஞ்சாவூர் வாசகி)

ப: முதல் மங்கலுக்குக் காரணம் ஆழக் குறைவு, இரண்டாவது மங்கலுக்குக் காரணம் ஒளியின் குணம்.

உயிரளவில், எஃப்/8 வைத்தால் கூர்மையாக விழும் பகுதி முன்பின்னாக ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. ஐந்து மடங்கில் எஃப்/2.8 என்றால் அது 0.05 மி.மீ. அளவுதான், தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. ஈயின் இரண்டு கண்களும் அந்த மெல்லிய தகட்டுக்குள் அடங்க வேண்டுமென்றால் அது உங்களை நேருக்கு நேர் பார்த்தபடி உட்கார வேண்டும்.

சரி, அப்பர்ச்சரைச் சுருக்கினால் ஆழம் கூடுமே என்கிறீர்கள். கூடும். ஆனால் சின்ன ஓட்டை வழியே போகும் ஒளி விளிம்பில் வளைந்து பரவும். அதோடு, உருவத்தைப் பெரிதாக்கும்போது கேமராவில் தெரியும் எஃப் எண் உண்மையான எண் அல்ல. மடங்கோடு ஒன்றைக் கூட்டி, அந்த எஃப் எண்ணால் பெருக்குங்கள். ஐந்து மடங்கில் எஃப்/8 என்றால் உண்மையில் எஃப்/48. உங்கள் எஃப்/22 அங்கே எஃப்/132 ஆகிவிட்டது. அதில் ஈயின் கண்ணறைகள் ஒன்றும் தெரியாது, பச்சைக் குழம்புதான் தெரியும். ஐந்து மடங்கில் எஃப்/4-ஐத் தாண்டாதீர்கள் என்பேன்.

கே: அப்படியானால் தலை முதல் வால் வரை கூர்மையாக இருக்கும் படங்களை எப்படி எடுக்கிறார்கள்? (மதுரை வாசகர்)

ப: ஒரே படமாக எடுப்பதில்லை. ஃபோக்கஸை இம்மி இம்மியாக நகர்த்தி ஐம்பது, நூறு, சில நேரம் ஆயிரம் படங்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் கூர்மையாக விழுந்த துண்டை மட்டும் மென்பொருள் பொறுக்கி ஒட்டுகிறது. ஸ்டாக்கிங் என்று பெயர். ஸெரீன் ஸ்டாக்கர், ஹெலிகான் ஃபோக்கஸ் இரண்டும் பலரும் வைத்திருப்பவை. மயிரும் முள்ளும் நிறைந்த பூச்சிக்கு ஸெரீனின் ‘பிமேக்ஸ்’ முறை நன்றாக வரும். நிறமும் வழுவழுப்பும் முக்கியமென்றால் ‘டிமேப்’.

இதை எந்த எல்லை வரை கொண்டுபோகலாம் என்று காட்டியவர் இங்கிலாந்தின் லெவன் பிஸ். 2016-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ‘மைக்ரோஸ்கல்ப்சர்’ என்று கண்காட்சி வைத்தார். அருங்காட்சியகத்தில் குத்தி வைத்திருந்த பூச்சிகள்; கேமராவில் 200 மி.மீ. லென்ஸ், அதன் முனையில் 10 மடங்கு நுண்ணோக்கி ஆப்ஜெக்டிவ். ஒரு நகர்வுக்கு 10 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. ஒரு பூச்சிக்கு 8,000 படங்களுக்கு மேல். சில மில்லிமீட்டர் வண்டு மூன்று மீட்டர் அச்சாகச் சுவரில் நின்றது.

எண்ணிக்கையைக் கேட்டு எல்லோரும் வாயைப் பிளக்கிறார்கள். என்னை உலுக்கியது வேறு. அவர் பூச்சியை ஏறக்குறைய முப்பது பகுதிகளாகப் பிரித்துக்கொண்டார். உணர்கொம்புக்கு ஒரு வெளிச்சம், கண்ணுக்கு ஒரு வெளிச்சம், ஒவ்வொரு காலுக்கும் தனித்தனி வெளிச்சம் என்று அமைத்து எடுத்து, கடைசியில் சேர்த்தார். ஒரு படத்துக்கு மூன்று நான்கு வாரம். லென்ஸை யாரும் வாங்கிவிடலாம். அந்த முப்பது வெளிச்சங்களை யோசிப்பது கடையில் கிடைக்காது.

கே: சிலந்தியைப் பூச்சிப் படம் என்று போட்டிக்கு அனுப்பலாமா? (பத்தாம் வகுப்பு மாணவர், ஆம்பூர்)

ப: கால்களை எண்ணிவிட்டு அனுப்பு தம்பி. பூச்சிக்கு ஆறு, சிலந்திக்கு எட்டு. ஆனால் குதிக்கும் சிலந்தியை விட்டுவிடாதே. முன்னால் இரண்டு பெரிய கண்கள், திரும்பி நின்று உன்னையே பார்க்கும். வேறெந்தச் சிற்றுயிரும் இப்படி முகம் கொடுக்காது.

கே: வண்டின் முதுகில் வெள்ளைத் திட்டு விழுகிறது. ஃபிளாஷ் வேண்டாமென்றால் படம் ஆடிவிடுகிறது. (நாகர்கோவில் வாசகர்)

ப: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

பொன்வண்டின் முதுகு ஒரு வளைந்த கண்ணாடி. எதிரே என்ன இருக்கிறதோ அதைக் காட்டும். நிர்வாண ஃபிளாஷைக் காட்டினால் ஒரு வெள்ளைப் பொட்டைக் காட்டும்; சுற்றியிருக்கும் பச்சையும் பொன்னும் செத்துப்போகும். அதே ஃபிளாஷுக்கு முன்னால் ஒரு பெரிய வெள்ளைத் திரை இருந்தால் வண்டு அந்தத் திரையைக் காட்டும். பொட்டு பரந்து மென்மையான பளபளப்பாக மாறும். எனவே ஃபிளாஷின் சக்தி இங்கே பெரிய விஷயமில்லை. பூச்சியின் கண்ணிலிருந்து பார்த்தால் வெளிச்சம் எவ்வளவு அகலமாகத் தெரிகிறது என்பதே கேள்வி. அதனால் அந்தத் திரையை, அதாவது டிஃப்யூசரை, பூச்சிக்கு எவ்வளவு பக்கத்தில் கொண்டுவர முடியுமோ அவ்வளவு பக்கத்தில் கொண்டுவாருங்கள்.

என்னுடையது இப்படி: ஏ4 டிரேசிங் பேப்பரை லென்ஸின் முனையில் கூரைபோல வளைத்து ஒட்டியிருக்கிறேன். ஃபிளாஷ் மேலே, அதற்கும் பேப்பருக்கும் நடுவே நான்கு விரற்கடை இடைவெளி. அந்த இடைவெளியில்தான் ஒளி பரவுகிறது. ஃபிளாஷின் வாயிலேயே இன்னொரு துண்டு பேப்பர். கீழே ஒரு வெள்ளை அட்டை, வயிற்றுப் பக்கம் இருட்டாகாமல் இருக்க. மேசையில் வைத்து எடுக்கும் செத்த பூச்சிக்குப் பேப்பர் கப்பின் அடியை வெட்டி எடுத்துவிட்டு, அந்த வளையத்துக்குள் பூச்சியை நிறுத்தி வெளியிலிருந்து மூன்று பக்கமும் வெளிச்சம் கொடுக்கிறேன். தெர்மாகோல் துண்டும் நல்லதே.

ஆட்டத்துக்கும் இங்கேயே மருந்து. ஃபிளாஷை 1/32 சக்திக்குக் குறைத்தால் அது எரியும் நேரம் ஒரு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு வந்துவிடும். உங்கள் கை நடுக்கம் அதற்குள் எங்கும் போக முடியாது.

பணம் எங்கே போக வேண்டும் என்று முதலில் கேட்டவர்களே, இங்கேதான். லென்ஸுக்கு ஒரு மாதம் யோசித்தால் வெளிச்சத்துக்கு மூன்று மாதம் யோசியுங்கள். கலங்கலாக வருகிறது என்றவர்களின் படங்களையும் பார்த்தேன். பெரும்பாலானவற்றில் ஃபோக்கஸ் சரி. வெளிச்சம்தான் தட்டையாக விழுந்து உருவத்தைத் தின்றிருக்கிறது.

கே: ஃபிரிட்ஜில் சற்று நேரம் வைத்தால் பூச்சி அசையாதாமே? (சேலம் வாசகர்)

ப: அசையாது. வைக்காதீர்கள்.

குளிரில் விறைத்த பூச்சி கால்களை ஒடுக்கி, உணர்கொம்பைத் தொங்கவிட்டிருக்கும். வெளியே எடுத்ததும் உடம்பில் நீர் கோக்கும். அது உயிரின் நிற்கும் முறையே அல்ல. கொஞ்சம் கூடினால் செத்தும் போகும்.

இந்தத் தொல்லை இன்று நேற்று வந்ததில்லை. 1665-இல் ‘மைக்ரோகிராஃபியா’ என்ற பெரும் படப் புத்தகத்தை வெளியிட்ட ராபர்ட் ஹூக்கும் எறும்போடு மல்லுக்கட்டினார். காலை மெழுகிலும் பசையிலும் ஒட்டிப் பார்த்தார். அது முறுக்கித் திமிறியது. கடைசியில் கூட்டத்திலேயே பெரிய எறும்பாகப் பொறுக்கி எடுத்துப் பிராந்தியில் விட்டார். போதையில் விழுந்து கிடந்தது, அவர் பார்த்து வரைந்துகொண்டார். ஒரு மணி நேரம் கழித்து எழுந்து ஓடிவிட்டது.

உங்களுக்குப் பிராந்தியும் வேண்டாம், ஃபிரிட்ஜும் வேண்டாம். மார்கழி, தை மாதங்களில் விடியுமுன் வயல் வரப்புக்குப் போங்கள். ஊசித்தட்டான் புல் நுனியில் பனி கோத்து உறைந்து உட்கார்ந்திருக்கும்; வெயில் ஏறி உடம்பு சூடாகும்வரை பறக்காது. பனித்துளி ஒவ்வொன்றுக்குள்ளும் கிழக்கு வெளுப்பது தலைகீழாகத் தெரியும். செத்த பூச்சி வேண்டுமென்றால் ஜன்னல் திண்டிலும் டியூப்லைட் பட்டையிலும் கிடைக்கும். பிடித்துக் கொல்வது வேறு விவகாரம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் பட்டாம்பூச்சிகள் பலவும் இருக்கின்றன.

கே: பள்ளியில் ஒதுக்கிய பழைய நுண்ணோக்கி ஒன்று இருக்கிறது. அதன் லென்ஸைக் கேமராவில் மாட்ட முடியுமா? (அறிவியல் ஆசிரியை, விருத்தாசலம்)

ப: தாராளமாக. முதலில் அதன்மேல் பொறித்திருப்பதைப் படியுங்கள்.

‘4/0.10’ என்றும் ‘160/0.17’ என்றும் இருந்தால் நான்கு மடங்கு, 160 மி.மீ. குழாய்க்கென்று செய்தது. இதற்கு நடுவில் வேறு கண்ணாடி தேவையில்லை. ஆப்ஜெக்டிவின் தோளிலிருந்து சென்சார் வரை சுமார் 150 மி.மீ. இருக்கும்படி டியூப்களை அடுக்கி, ஓர் அடாப்டர் வளையம் போட்டால் வேலை முடிந்தது. டி.எஸ்.எல்.ஆர். உடம்பே அதில் நாற்பத்தைந்து மி.மீ. அளவு தந்துவிடும், மிச்சத்துக்குத்தான் டியூப். உள்சுவர் பளபளத்தால் கறுப்புக் காகிதம் சுற்றுங்கள், இல்லாவிட்டால் படம் வெளுக்கும். 160-க்குப் பதில் படுத்த எட்டு போல ஒரு குறி இருந்தால் அதற்கு ஒரு டெலி லென்ஸ் துணை வேண்டும். பல ஆப்ஜெக்டிவ்களுக்கு 200 மி.மீ. பொருந்தும்.

இரண்டாவது எண்ணைத்தான் நான் பெரிதாக நினைப்பேன். 0.10, 0.25 என்று இருப்பது ஒளியை எவ்வளவு அகலமாக வாங்குகிறது என்பதன் கணக்கு. அது கூடினால் நுணுக்கம் கூடும், ஆழம் குறையும். 0.25 எண்ணுள்ள 10 மடங்கு ஆப்ஜெக்டிவில் ஆழம் ஒன்பது மைக்ரானை ஒட்டித்தான். ஒரு தலைமுடியின் தடிமனைக் கடக்கவே எட்டு ஒன்பது படம் வேண்டும். நகர்த்துவதற்கு மைக்ரோமீட்டர் திருகு இல்லாமல் முடியாது; வசதி இருந்தால் ஸ்டாக்‌ஷாட், வீமேக்ரோ போல, கேமராவை நகர்த்தும் மோட்டார் வைத்த சட்டம். ஃபேனை நிறுத்துங்கள். தெருவில் லாரி போனால் அது முடியும்வரை காத்திருங்கள். கேமராவும் பூச்சியும் ஒரே பலகைமேல் இருக்கட்டும். ஆடினால் சேர்ந்து ஆடும்.

முதலில் எதைப் பார்க்கலாம் என்றால், உதிர்ந்து கிடக்கும் பட்டாம்பூச்சி இறகு. விரலில் ஒட்டும் பொடி என்று நினைத்தது ஓட்டு வீட்டுக் கூரைபோல அடுக்கடுக்காக வேய்ந்த செதில்கள் என்று தெரியும்போது வகுப்பறை அமைதியாகிவிடும். பிள்ளைகள் கைக்கு ஆளுக்கொன்று தர வேண்டுமென்றால் ஃபோல்ட்ஸ்கோப் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழு உருவாக்கிய, காகிதத்தை மடித்துச் செய்யும் நுண்ணோக்கி. 140 மடங்கு காட்டும். ஒளி ஊடுருவ வேண்டும் என்பதால் முழு வண்டுக்கு ஆகாது. இறகு, கால், கொசுவின் உணர்கொம்புக்கு அருமை. ஆண் கொசுவின் கொம்பு பறவை இறகுபோல அடர்த்தியாக இருக்கும். பெண் கொசுவினுடையது அப்படி இருக்காது.

கே: கடற்கரை ஊர். லென்ஸுக்குள் வலைபோல ஏதோ படர்கிறது. (நாகப்பட்டினம் வாசகர்)

ப: பூஞ்சை. என்னுடைய நல்ல ஆப்ஜெக்டிவ் ஒன்றை மழைக்காலம் முழுக்கத் தோல் பையிலேயே வைத்திருந்து இப்படித்தான் இழந்தேன். இன்றும் மனம் ஆறவில்லை. இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர். நாற்பதிலிருந்து ஐம்பது விழுக்காட்டுக்குள் வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் வறுத்தெடுத்துத் திரும்பப் போடுங்கள். படர்ந்த லென்ஸை மற்றவற்றோடு சேர்க்கக் கூடாது.

கே: பேய்போலச் செக்கச் சிவந்த கண்ணோடு ஓர் எறும்பு முகம் பரவியதே, உண்மையா? (திருப்பூர் வாசகி)

ப: படம் உண்மை. கண்தான் கண்ணில்லை. லிதுவேனியாவின் எயுகேனியுஸ் கவல்யௌஸ்கஸ் எடுத்தது. 2022-இல் நிக்கான் ஸ்மால் வேர்ல்டு நுண்படப் போட்டியில் குறிப்பிடத்தக்க படங்களில் ஒன்றாகத் தேர்வானது. சிவப்பாகத் தெரிந்தவை உணர்கொம்புகள் முளைக்கும் இடங்கள். மேலிருந்து வெளிச்சம் விழுந்து, கீழே நிழல் தேங்க, நாம் அதில் ஒரு முகத்தைப் படித்துக்கொண்டோம். எறும்பு பாவம்.

கே: நூறு படத்தை ஒட்டி ஒன்றாக்குவது ஏமாற்று இல்லையா? (புதுச்சேரி வாசகர்)

ப: இல்லை. இருப்பதைக் கூட்டுவதும் இல்லாததைச் சேர்ப்பதும் ஒன்றல்ல. ஹூக் தன் முன்னுரையில், பல வெளிச்சங்களிலும் பல நிலைகளிலும் திரும்பத் திரும்பப் பார்த்து உண்மையான வடிவம் இதுதான் என்று தெளிந்த பிறகே வரைந்ததாகச் சொல்கிறார். மேடா பள்ளமா, நிழலா கறுப்பு நிறமா என்று ஒரே பார்வையில் ஏமாந்துவிடலாம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. வெளிச்சத்துக்கு விளக்கும், அதைக் குவிக்க நீர் நிரப்பிய கண்ணாடி உருண்டையும் வைத்திருந்தார். அவர் கண்ணாலும் கையாலும் செய்த ஸ்டாக்கிங் அது. செய்யக் கூடாதது ஒன்று: உடைந்த காலுக்கு வேறு படத்திலிருந்து கால் ஒட்டுவது. அப்படி ஒட்டினால் ஒட்டினேன் என்று எழுதிவிடுங்கள்.

கே: இன்றைக்கு ராத்திரியே ஆரம்பிக்க வேண்டும். எதை எடுக்கலாம்? (கல்லூரி மாணவி, காரைக்குடி)

ப: அடுக்களைக்குப் போங்கள். அரிசி டப்பாவைத் திறவுங்கள். வண்டு இருக்கும், இல்லையென்றால் பக்கத்து வீட்டில் கேளுங்கள்.

மூன்று மில்லிமீட்டர்தான். முறத்தில் புடைக்கும்போது கறுப்புப் புள்ளியாகப் பார்த்திருப்பீர்கள். ஐந்து மடங்கில் பாருங்கள்: கறுப்பே இல்லை, பழுத்த தேக்கின் நிறம். முதுகில் செம்மஞ்சள் திட்டு நான்கு. கழுத்துக்குப் பின்னால் தையல் விரற்கூடு போலக் குழி குழியாக இருக்கும். முகத்திலிருந்து யானைத் துதிக்கைபோல ஒரு மூக்கு நீளும். அதன் நுனியில்தான் வாய். அந்த மூக்கால்தான் பெண் வண்டு அரிசியைத் துளைத்து, குழிக்குள் முட்டையிட்டு, பசைபோன்ற ஒன்றால் அடைத்துவிடுகிறது. மூக்கின் இருபக்கமும் முழங்கைபோல மடங்கிய உணர்கொம்புகள்.

இன்னொரு வசதி. தொட்டால் கால்களை மடக்கிச் செத்ததுபோலக் கிடக்கும். அந்த நேரத்தில் ஒரு வெள்ளைக் காகிதத்தின்மேல் வைத்து, பேப்பர் கப் வளையத்தைக் கவிழ்த்து, ஃபிளாஷைப் பக்கவாட்டில் நிறுத்துங்கள். முப்பது நாற்பது படம் எடுக்க வேண்டும். நடுவில் கால் ஒன்று மெதுவாக நீளும். அப்போது நிறுத்திவிட்டு, லென்ஸ் வழியே பார்த்துக்கொண்டே இருங்கள்: முதலில் கொம்பு விரியும், அப்புறம் மூக்கு உயரும், பிறகு ஆறு காலும் ஊன்றி எழுந்து, நேராக வளையத்தின் விளிம்பை நோக்கி நடக்க ஆரம்பிக்கும்.